மூலை மடிக்காத பக்கங்கள்

பிப்ரவரி 9

கடையில் இன்று சொதப்பிவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் கேட்டது லேசான சாம்பல் கலந்த வெள்ளை. பெயிண்ட் கலக்கும் இயந்திரத்தில் கறுப்புக்குப் பதில் நீலத்தை விட்டேன். பெரிய வாளி, அத்தனையும் வீண். முதலாளி திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க வேணா இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்கம்மா" என்றார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? சுவரைப் பார்க்கவா? அந்தச் சுவருக்கும் நான்தான் கலந்தேன், என் வீட்டுக்காரர்தான் அடித்தார்.

மகள் போனில் சொல்கிறாள்: "அப்பா வாங்கின ஒன்பது புக்கையும் ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிடேன்மா. மனசு கொஞ்சம் வேற பக்கம் போகும்."

ஒவ்வொன்றும் தலையணை கனம். கடலுக்கடியில் ஒரு நகரம், மந்திரவாதிகள், ஒரு ஓடக்காரி, அவளுடைய காது கேட்காத நாய். அவ்வளவுதான் அவர் என்னிடம் சொன்னது. கடைசித் தொகுதி வந்த பிறகுதான் தொடுவது என்று இரண்டு பேரும் வருஷக்கணக்கில் காத்திருந்தோம். வந்ததும் அவர் தொடங்கினார். பள்ளி வேன் ஓட்டுகிறவருக்குக் காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் நேரம் கொட்டிக் கிடக்கும். ஐந்தாவதைப் படித்துக்கொண்டிருந்தபோது வேனிலேயே, ஓட்டுநர் சீட்டிலேயே போய்விட்டார்.

பிப்ரவரி 10

முதல் தொகுதியை எடுத்தேன். தூசி தட்டினேன். திரும்ப வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17

நான் எப்போதும் அவருக்குப் பின்னால்தான் படிப்பேன். கல்யாணமான புதிதில் ஒரு நாவலில் எனக்குப் பிடித்தவள் பட்டென்று செத்துப்போனாள். அந்த வாரம் முழுக்க நான் சரியாகப் பேசவில்லை, அடுப்பில் பாலைத் தீயவிட்டேன். "இனிமே நான் முன்னாடி போய்ப் பாத்துட்டு வரேன், நீ பின்னாடி வா" என்றார். அன்றிலிருந்து கதையில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால், முந்தின பக்கத்தின் மேல் மூலையை மடித்து நகத்தால் அழுத்திவிடுவார். யார் என்று மட்டும் சொல்ல மாட்டார், கெஞ்சினாலும் மாட்டார். நான் மனசைக் கெட்டியாக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்புவேன். வேறு எதற்கும் அவர் மூலையை மடித்ததில்லை. நிறுத்திய இடத்தில் பழைய பெட்ரோல் ரசீதைத்தான் வைப்பார்.

மகளுக்கு இது புரியாது. ஒரே மூச்சில் படித்தால் ஐந்தாவது வரைக்கும் அவர் எனக்கு முன்னால் போவார். அதற்குப் பிறகு? யாரும் போகாத பக்கங்கள். படிக்காமல் விட்டால், அவர் மடித்ததெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

மார்ச் 2

தொடங்கிவிட்டேன். பாதியில் முதல் மடிப்பு. நகம் அழுத்திய கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் கிழட்டு மந்திரவாதி செத்தான். எனக்கு அவனைப் பற்றிக் கவலையே இல்லை. மடிப்பைப் பார்த்துத்தான் அழுதேன்.

மார்ச் 16

இரண்டாவதும் முடிந்தது. ஐயோ, ஏன் இவ்வளவு வேகம்? இப்படிக் குடித்துத் தீர்த்தால் என்ன மிஞ்சும்? இனி நாளுக்குச் சில பக்கம்தான்.

மார்ச் 20

பில் போடும் பெண்ணிடம் சொன்னேன். "விட்டு விட்டுப் படிச்சீங்கன்னா யார் யாருன்னே மறந்துடும்க்கா. மறுபடி மொதல்ல இருந்து வரணும்" என்றாள். வரலாமே. அவளுக்கு அது தண்டனை.

ஏப்ரல் 21

நான்காவதும் போய்விட்டது. சிக்கனமெல்லாம் மூன்று நாள்தான் தாங்கியது. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, வேறு என்ன செய்வேன்.

மே 3

ஐந்தாவது. அன்று வேனிலிருந்து கண்ணாடியோடும் தண்ணீர் பாட்டிலோடும் வந்த அதே புத்தகம். பெட்ரோல் ரசீது இருந்தது. ரசீது இருந்த அந்தப் பக்கமே மடித்தும் இருந்தது. அவருடைய கடைசி மடிப்பு.

அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் வெள்ளம் ஓடத்தைக் கவிழ்க்கிறது. ஓடக்காரி கரையைப் பிடித்துவிட்டாள். நாய் தண்ணீரில். அவள் கூப்பிடுகிறாள், அதற்குத்தான் காது கேட்காதே.

நாய்தான். வேறு யார் இருக்கிறார்கள் சாக?

மூடிவிட்டேன்.

மே 11

திறக்கவில்லை. என்னால முடியாதுங்க. பாத்துட்டு வரேன்னு போனீங்க, திரும்பி வரவே இல்லையே. பாதியில விட்டுட்டு இப்படிப் போனா நான் எது பின்னாடி வர்றது? கடைக்குப் போறேன், கலர் கலக்கறேன், வர்றேன். எதுக்குன்னு தெரியல.

மே 24

இன்னொரு வேன் ஓட்டுநர் கடைக்கு வந்தார், வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் வாங்க. அன்று பக்கத்து வேனில் இருந்தவர். என்னைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு அவராகவே சொன்னார்.

"அண்ணன் அன்னிக்குப் படிச்சிட்டே இருந்தவரு திடீர்னு மூடி வச்சிட்டாரு அண்ணி. என்னாச்சுண்ணேன்னு கேட்டேன். 'நாய் சாகப்போவுதுடா. இதுக்கு மேல படிக்க மனசு வரல. வீட்டுல அவளுக்கு இந்த நாயைப் பத்தி வேற சொல்லித் தொலைச்சிட்டேன்'னாரு. நான் டீ வாங்கப் போயிட்டு வந்து பாத்தா, அண்ணன் அப்படியே…"

கேட்டுக்குப் பச்சை கலந்து கொடுத்தேன். சரியாகவே வந்தது.

அப்படியென்றால் அவர் அடுத்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே எனக்காக மடித்து வைத்திருக்கிறார்.

மே 25

திருப்பினேன்.

நாய் சாகவில்லை. ஒரு கதவுப் பலகையில் தொற்றிக்கொண்டு கரையேறி, உடம்பை உதறி, ஓடக்காரியின் முகத்தை நக்குகிறது. ஒரே ஒரு பக்கம் தள்ளித்தான் இருந்தது.

நாய் சாகலைங்க. இதை யார்கிட்ட போய்ச் சொல்வேன் நான்? அது செத்துடும்னு நெனச்சுக்கிட்டே போயிட்டீங்களே. ஒரு பக்கம், இன்னும் ஒரே ஒரு பக்கம் படிச்சிருக்கக் கூடாதா!

அந்த மடிப்பை நிமிர்த்தப் போனேன். கை வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 19

ஆறாவதில் ஓடக்காரி செத்துப்போனாள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல், ஒரு வாக்கியத்தின் நடுவில். புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அடுப்பில் பால் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்து புத்தகத்தை எடுத்தேன். முந்தின பக்கத்துக்குப் போய் மேல் மூலையை மடித்து நகத்தால் அழுத்தினேன். மகள் அடுத்த வாரம் வருகிறாள். முதல் தொகுதியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.