கண்ணை மூடினாலும் தெரிந்த கீற்று

இன்று பின்னேரம் மேல் வீட்டு டீச்சர் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. பறக்கும் தட்டோ என்று கேட்டார். எவ்வளவு நேரம் நின்றது, மினுங்கியதா, வேறு யாரும் கண்டார்களா என்று விசாரித்தேன். வெயில் பட்ட விமானப் புகைதான். அவர் போன பிறகுதான், நான் கேட்டதெல்லாம் உன்னுடைய கேள்விகள் என்று உறைத்தது. நீ போய் ஒரு வருசமாகிறது, மச்சான்.

புறக்கோட்டையில் ஒரே கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தோம். ஓய்வு பெற்ற பிறகுதான் வானம் பார்க்கத் தொடங்கினோம். நீ கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டைமாடியில், நான் இங்கே ரயில் பாதையோரம். பொழுதுபட்ட கையோடு ஃபோன் எடுப்பாய். ஒரு வெளிச்சப் புள்ளி இருவருக்கும் ஒரே நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஊர்ந்தால், அது வெகு உயரத்தில் பூமியைச் சுற்றும் செய்மதி. உனக்கு ஓரிடம், எனக்கு வேறிடம் என்றால் விமானமோ ட்ரோனோ. "ஒராள் கண்டது பாதிதான்" என்பாய். கண்டதையெல்லாம் நான் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன்.

ஒருமுறை, தெற்கே பார்க்கும்போது வலப்பக்கம் மின்னல்போல ஒரு கீற்று வெட்டுகிறது என்றாய். மூன்று பின்னேரம் நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை. மேகம் மறைத்திருக்கும் என்று சமாளித்தேன். நீ விடவில்லை. வடக்கே திரும்பி நின்று பார்த்தாய். அப்போதும் கீற்று வலப்பக்கம்தான்; வானத்தில் என்றால் இடப்பக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணை மூடிப் பார் என்றேன்.

ஃபோனில் உன் தெரு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.

"மூடினாலும் தெரியுதடா."

அடுத்த நாள் காலையிலேயே உன்னைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விழித்திரையில் கிழிசல். இன்னும் பிந்தியிருந்தால் பார்வை போயிருக்கலாம் என்றார். லேசர் பிடித்துக் காப்பாற்றினார்கள். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்து வைத்தேன். நீயோ, இருட்டான கண்ணுக்குள் வெளிச்சம் எப்படி வந்தது என்று டொக்டரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். விழித்திரை இழுபட்டால் மூளை அதை வெளிச்சமாக எடுத்துக்கொள்ளுமாம். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே கதைத்தாய்.

அந்தக் கண்ணோடு இன்னும் இரண்டு வருசம் பார்த்தாய், ஒரு காலையில் நெஞ்சு நின்றுபோகும்வரை.

அதற்கிடையில் ஒரு மாலை, மேற்கே நகராத ஒரு புள்ளி மூன்று தரம் பளிச்சிட்டு அணைந்தது. இருவருமே கண்டோம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். நமக்குத் தெரிந்த எதனோடும் அது பொருந்தவில்லை. செய்மதி என்றே எழுதட்டா என்று கேட்டேன்.

"தெரியாமல் எழுதாதே. கேள்விக்குறி போடு, தேடுவம்."

கொப்பியில் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. அதை அழிக்க எனக்கு அவசரமில்லை. நாளைக்கும் பொழுதுபட மேற்கே பார்ப்பேன்.