தானா மறையற மை

ஏனுங்க,

கிருத்திகா இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பாதீங்க. ஊசி போட்ட தொடையில செவப்பு இன்னும் அடங்கலை. எந்திரிச்சதும் அரிப்பு மாத்திரை குடுங்க. ஐஸை அப்படியே வெக்காதீங்க, பனியன் துணியில சுத்தி வைங்க. பருப்பு சாம்பார் உங்களுக்கு மட்டும். அவ ஒடம்புக்குத்தான் புரதம் ஆகாதே, அதுக்குத்தானே இந்த ஊசியே. சவ்வரிசி உப்புமா மூடி வெச்சுருக்கறேன்.

செவப்பைச் சுத்தி நான் போட்ட வட்டத்தை நீங்கதான் அழிச்சுட்டீங்கன்னு நேத்து கத்துனேனே, தப்பு எம்மேலதானுங்க. அது கம்பெனியில துணிக்குப் போடற மார்க்கிங் பேனா. காலைல எங்கையில ஒரு கோடு கிழிச்சுப் பாத்தேன், சமையல் முடியறதுக்குள்ள தானா மறைஞ்சுருச்சு. செவப்பு பரவுச்சா இல்லையான்னு இப்ப யாரைக் கேக்கறது?

பால்பாயிண்ட்ல புது வட்டம் போட்டுருக்கறேன். செவப்பு அதைத் தாண்டுச்சுன்னா அடுத்த ஊசி போடாதீங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க. மொகம் வீங்குனா, மூச்சு வாங்குனா, பிரிட்ஜ் மேல இருக்கற அவசர ஊசியைப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

சித்ரகலா

இன்னொண்ணுங்க. வட்டம் போடறப்ப முழிச்சுக்கிட்டா. "கம்பெனி செக்கிங்ல நீ வட்டம் போட்ட பீஸெல்லாம் ரிஜெக்ட்தானேம்மா?"ன்னு சிரிச்சா. போர்வையைப் போத்தி விட்டுட்டு வேலைக்குக் கெளம்பறேன். எந்திரிச்சா நீங்களாச்சும் ஒரு பதில் சொல்லுங்க.