பந்தலைப் பிடுங்கிய பிறகும்

என் உயிரான அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். அப்பா, அத்தை, நீ என்று மூன்று பேரும் ஒரே வரிசையில் படுத்திருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் முதலில் கண்தான் மஞ்சளானது. அப்பாவையும் அத்தையையும் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தே அனுப்பிவைத்தோம். உனக்குத்தான் கணையத்தில் புற்றுநோய் என்று பெயர் தெரிந்தது.

நீ போனதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. நம் தோட்டத்துத் திராட்சைக்கு அடித்த பூச்சிமருந்துதான் உன்னைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரே வாரத்தில் பந்தலைப் பிடுங்கி எறிந்து வாழை வைத்தேன். மதினி உன் மகன் ஜெரால்டைத் தோட்டத்துப் பக்கமே விடாமல் விடுதியில் படிக்கவைத்தார். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஏழு வருடம் நிம்மதியாக இருந்தோம். என்ன மடத்தனம்!

போன மாதம் வயிற்று வலி என்று மதுரைக்குப் போனேன். வலிக்குக் காரணம் வெறும் குடல்புண்தான். ஆனால் குடும்பக் கதை முழுவதையும் கேட்ட டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் என்னை உட்காரச் சொன்னார்.

"மரபணுவில பிழை விழுந்தா சரிபண்றதுக்குன்னே ஒரு மரபணு இருக்கு. உங்களுக்கு அதுவே பிறவியிலயே பழுது. உங்க அண்ணனுக்கும் இதுதான் இருந்திருக்கணும். கணையத்துல ஒரு பிழை, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு வருஷக்கணக்கா சத்தமில்லாம சேரும். எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல. ஆனா பழுது பிள்ளைகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு."

எனக்குப் பிள்ளை இல்லை. உனக்கு இருக்கிறான்.

மதினியிடம் சொன்னேன். "அவன் தோட்டத்துக்குள்ள காலே வைக்கலையே கொழுந்தனாரே! அன்னைக்கு மருந்துன்னுதான சொன்னீக?" என்று கத்தினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தை மாசம் அவனுக்குக் கல்யாணம். அது முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதீக."

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. நேற்று சாப்பிடும்போது அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் அவன் கண்ணின் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி என்னை மன்னிக்காவிட்டாலும் சரி, நாளைக்கு அவனிடம் நானே சொல்கிறேன். கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் எப்படிச் சொல்வதென்று அவன் முடிவு செய்யட்டும். பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். அவனுக்கும் அந்தப் பழுது இருந்தால், நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க வருடாவருடம் இரண்டு பேரும் சேர்ந்தே ஸ்கேனுக்குப் போவோம். உன் நடையும் உன் முன்கோபமும் அவனிடம் அப்படியே இருக்கின்றன. அதோடு நிற்கட்டும்.

உன் கூடப்பிறந்த தம்பி,
அந்தோணி