பிளக் வயர்

உங்களுக்கு,

திரும்பி வரச் சொல்லி எழுதியது கிடைத்தது. வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறீர்களாம்.

அந்தச் சின்ன மொபெட் வந்த பிறகுதான் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்காமல் தையல் ஆலைக்குப் போனேன். "அவளுக்குன்னு ரெண்டு சக்கரம் இருக்கட்டும்டா" என்று உங்களிடம் சண்டை போட்டு அதை வாங்க வைத்தது அத்தைதான். நான் மேற்பார்வையாளர் ஆன மாதத்திலிருந்து, காலையில் அது கிளம்பவே மறுத்தது. "உனக்கும் வண்டிக்கும் ராசியில்ல" என்று சிரித்தீர்கள். இன்னொரு நாள் தாமதமானால் வேலை இல்லை என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். "பிளக் வயர் தானா கழலாதுக்கா. யாரோ தெனமும் புடுங்கி விடுறாங்க" என்றார். வீட்டில் நம் மூன்று பேரைத் தவிர யார் இருந்தார்கள்? உங்களிடம் நான் கேட்கவில்லை.

மறுவாரம் ஒரு காலையில் அத்தைக்கு மூச்சு முட்டியது. டாக்டரை அழைத்துவர நீங்கள் வண்டியை நோக்கி ஓடினீர்கள். நான் வாசலில் நின்றேன். என் கண்முன்னே வயரை மாட்டினால் குட்டு உடைந்துவிடும். அதனால் பெடலை மிதிமிதியென்று மிதித்தீர்கள். "சனியன், கெளம்ப மாட்டேங்குதே!" என்று கத்திவிட்டுக் கடைசியில் நடந்தே ஓடினீர்கள். டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதனால்தான் பிரிந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மீதி உங்களுக்கு மட்டும். வயர் எங்கே தொங்குகிறது என்று அன்று எனக்கும் தெரியும். நீங்களாகக் குனிகிறீர்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை உள்ளே என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
அந்த வீட்டு மருமகளாக இருந்தவள்