துடைத்து அனுப்பிய இலைகள்

தம்லுக்,
பங்குனி 4

அன்புத் தங்கை பிதிகாவுக்கு,

அண்ணன் ஷஷ்டிசரண் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாலு மாதமாக வாரம் தவறாமல் குளித்துவிட்டுக் கொடிக்காலுக்குள் போய், உன் ஆய்வுக்கு நீ கேட்டபடி வெற்றிலை பறித்தேன். நிழல் வரிசை தனி, வெயில் எட்டும் ஓரம் தனி, பழைய கொடி, புதுக் கொடி எல்லாம் தனித்தனி. மீன்கடை ஐஸில் வைத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினேன். இப்போது எல்லா இலையிலும் ஒரே கிருமிக் கூட்டம்தான் இருக்கிறதாம், உன் அண்ணன் ஒரே கொடியில் பறித்து ஏமாற்றினானா என்று உன் பேராசிரியர் கேட்கிறாராம். நீயும் அதை அப்படியே எனக்கு எழுதுகிறாய். கோபம் வராதா?

அந்தக் கோபத்தில் உன் அண்ணிக்குக் கடிதத்தை உரக்கப் படித்தேன். பாதியிலேயே அவள், "கிருமியா? அதெப்படிங்க இருக்கும்? ஒவ்வொண்ணையும் குளத்துத் தண்ணியில முக்கி, துணியால துடைச்சுத்தானே பையில போட்டேன்" என்றாள்.

நான் ஐஸ் வாங்கப் போகும்போது பையில் போடுவது அவள் வேலை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். திட்டினேன். "பெரிய படிப்பு படிச்சவங்க கைக்குப் போற வெத்தல. தூசியோட நீட்டினா நம்மள என்ன நினைப்பாங்க? துடைக்காதேன்னு உங்க தங்கச்சி ஒரு வார்த்தை எழுதினாளா?" என்று திருப்பிக் கேட்டாள்.

உன் கடிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். கையுறை, கத்தரிக்கோல், ஐஸ் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதை எழுதவில்லை. துடைக்காத வெற்றிலையை நம் வீட்டில் யாருக்கும் நீட்டமாட்டோம் என்பது உனக்குமா மறந்துபோனது? நாலு மாதம் நீ ஆராய்ந்தது நம் குளத்தையும் அண்ணியின் பழந்துணியையும்தான்.

வைகாசிக்குள் ஆய்வை முடிக்காவிட்டால் உன் பதிவையே நீக்கிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபின் என்மேலேயே எனக்கு ஆத்திரம். நீயே வந்து பறித்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஏன் நீ பறிக்கவில்லை என்று பேராசிரியருக்குச் சொன்னாயா? வயதுக்கு வந்த பெண் உள்ளே கால் வைத்தால் கொடி அழுகிவிடும் என்று அப்பா உன்னைப் பன்னிரண்டு வயதில் வாசலிலேயே நிறுத்தினார். அன்று நான் கூடையை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போனேன்.

நேற்று அப்பாவிடம், பிதிகா வருவாள், அவளே பறிப்பாள் என்று சொல்லிவிட்டேன். ஊர் கேட்கக் கத்தினார். "கொடி அழுகினா யாருடா பொறுப்பு?" என்றார். "அழுகினா எதனால அழுகுச்சுன்னு சொல்றதுக்கும் அவதாம்பா வேணும்" என்றேன். துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடம்மா. நீ உள்ளே போ. நான் வாசலில் நிற்கிறேன்.

உன் கை பட்டுக் கொடி தழைக்கட்டும்.

அண்ணன்,
ஷஷ்டிசரண்