நான் மாட்டிய பலகை

அண்ணா,

எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கை இன்னும் எலுமிச்சைப் புல் எண்ணெய் மணக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் கேட் பாஸைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி ஃபாக்டரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆள் போய் எட்டு மாதம் ஆன பிறகு அவர்களுக்குப் பாஸ் ஞாபகம் வந்திருக்கிறது. அண்ணி பரணிலிருந்து உன் காக்கிப் பையை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"நான் இன்னும் தொறக்கல தம்பி. நீயே பாரு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிபன் பாக்ஸ், கை துடைக்கும் துணி, பாஸ். அவற்றுக்கு அடியில், தீவிலிருந்து நீ எடுத்து வந்த சின்ன எண்ணெய்ப் புட்டி. மூடியை நீ சரியாகத் திருகவில்லை. எண்ணெய் மொத்தமும் கசிந்து, நான்காக மடித்த ஒரு தாளில் ஊறிப்போயிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பின்பக்கத்து முத்திரை முன்பக்கத்திலேயே தெரிகிற அளவுக்குத் தாள் எண்ணெய் குடித்திருந்தது.

ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த லைட் டூட்டி சீட்டு. ஆங்கிலத்தில் மூன்று வரி. இதய வால்வு பழுது. கனமான வேலை கூடாது. சூடான இடத்தில் நிற்கக் கூடாது. கீழே தேதி. நாம் தீவுக்குக் கிளம்பியதற்குப் பதினெட்டு நாள் முந்தைய தேதி.

ஃபோர்மனிடம் கொடுத்திருக்க வேண்டிய சீட்டை நீ டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை வார்ப்படப் பட்டறையில் நின்றிருக்கிறாய். என்னோடு தீவுக்கும் வந்திருக்கிறாய்.

நீ ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை. அப்பா போனபோது உனக்குப் பத்தொன்பது வயது, நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் வேலையை உனக்குக் கொடுத்தார்கள். அதே பட்டறை, அதே உலை. ஆவடி குவார்ட்டர்ஸில் ஃபாக்டரிச் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிபார்க்கும். நம் வீட்டில் மட்டும் சங்குக்கு முன்னாலேயே உன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்கும். நான் பாலிடெக்னிக் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓட்டல்களுக்கு நீராவிக் குளியல் இயந்திரம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தது அந்தச் சைக்கிளால்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. நான் அதைச் சொன்னதுதான் இல்லை.

அரபிக் கடலில் ஒரு தீவு. வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய ரிசார்ட். அங்கே ஸ்டீம் ரூமுக்கு இயந்திரம் பொருத்த என்னை அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் மேனேஜர் சொன்னார், திறப்பு விழாவுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க விருந்தாளிகள் வேண்டும், நீங்களும் வீட்டிலிருந்து ஒருவரும் மூன்று நாள் வந்து தங்குங்கள் என்று. எண்ணெய்த் தேய்ப்பு, நீராவி, கடலைப் பார்த்த அறை, எல்லாம் இலவசம். அண்ணிக்குக் கைக்குழந்தை. நான் உன்னைக் கேட்டேன்.

ஒரு மாதம் முடியாது முடியாது என்றாய். உன் பட்டறைக்காரர் ஒருவர் வாசலில் நின்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது. "இன்னா மாமே, டெய்லி ஓசியில ஆவி புடிக்கிறவனை, ஆவி புடிக்கறதுக்குன்னே கடலத் தாண்டி இட்டுகினு போறானாமே உன் தம்பி!"

நான் கத்தினேன். உனக்கு வாழவே தெரியாது, இந்த உலையைக் கட்டிக்கொண்டே சாவாய் என்றேன். ஆமாம், அந்த வார்த்தையையே சொன்னேன். திடீரென்று ஒரு சாயங்காலம், "சரி வர்றேன் வுடு, காது போவுது," என்றாய். நான் கத்தியதால் வழிக்கு வந்தாய் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கொச்சியில் சின்ன விமானம், அப்புறம் மோட்டார் படகு. பாலம் மாதிரி ஒரு மரப் படகுத்துறையில் இறங்கினோம். தண்ணீர் பச்சையாக, அடி வரை தெரிந்தது. நீ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாய். "அவ்ளோ சுத்தமா கீதுடா, மிதிக்கக் கூச்சமா கீது," என்றாய்.

முதல் நாளே ஆரம்பித்தது. குளியலறையில் நீளமான வெள்ளைத் தொட்டி. நான் குளிக்கப் போனால் தொட்டி விளிம்பு வரை தண்ணீர், பக்கத்தில் குப்பைக்கூடை நிறையத் தண்ணீர், பூ ஜாடியிலும் தண்ணீர். பூவை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாய்.

"இன்னாண்ணா இது?"

"தண்ணி நல்லா வருதுடா. புடிச்சி வெச்சிட்டேன். எப்ப நிறுத்துவானோ."

"இங்க இருபத்திநாலு மணி நேரமும் வரும். இது குவார்ட்டர்ஸ் இல்ல."

"எல்லாப் பயலும் அப்டித்தான் சொல்வான்," என்று ஜாடியை ஓரமாக நகர்த்தி வைத்தாய். நான் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். மொத்தத் தண்ணீரும் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்து, "ச்ச்ச்," என்றாய். ஒரு லாரித் தண்ணீருக்கு ஆவடியில் எப்படி அடித்துக்கொள்வோம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எரிச்சலாக இருந்தது.

அடுத்தது வரவேற்பறை. கடற்கரைக்குப் போகிறபோதெல்லாம் மேஜையில் இருந்த பெண்ணிடம் நின்றாய். அவள் உன்னை நிமிர்ந்து பார்க்கும் வரை நின்றாய். இரண்டாம் நாள்தான் விஷயம் புரிந்தது. அவுட் பாஸ் கேட்கிறாய். ஃபாக்டரியில் ஷிஃப்ட் நடுவே வெளியே போக சீட்டு வேண்டும் இல்லையா, அதைப்போல. அவளுக்கு என்ன தெரியும்? ஒரு வெற்றுத்தாளில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நீ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனாய். நான் ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன். "மானத்த வாங்காதண்ணா," என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. உன் முகம் சுருங்கிப்போனது புரிய மொழி தேவையில்லை, அவளும் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டீம் ரூம்.

அதை நான் பொருத்தியிருந்தேன், அண்ணா. பாய்லர், குழாய், தெர்மோஸ்டாட், கதவின் ரப்பர், எல்லாம் என் கை. நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. நீ கதவுக்கு வெளியே நின்றாய். எண்ணெய்த் தேய்ப்பு மட்டும் போதும் என்றாய். சளி பிடிக்கும் என்றாய். சாப்பிட்டது செரிக்கவில்லை என்றாய். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில், "எங்க உலை முன்னால பாக்காத சூடாடா," என்று சிரித்தாய். "அப்ப போய் உக்காரு. ஓசியில குடுத்தாக்கூட உனக்கு அனுபவிக்கத் தெரியாது," என்றேன்.

அப்போதுதான் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்தாய். பித்தளைத் தகட்டில் ஆங்கில எழுத்து. நாலு மூலையிலும் நான்தான் ஸ்க்ரூ முடுக்கியிருந்தேன். இதய நோய் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உள்ளே வர வேண்டாம் என்று எழுதியிருக்கும். எங்கள் இயந்திரம் எல்லாவற்றோடும் அந்தப் பலகையும் பெட்டியில் வரும். விரலை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தினாய்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

"ஒண்ணுமில்ல. சும்மா, சட்டத்துக்காக. நீ போ."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாய்.

உனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். பட்டறையில் அபாயப் பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சீட்டின் மூன்று வரியும் உனக்குப் புரிந்திருக்கும். பிறகு ஏன் என்னைக் கேட்டாய்? நான் படித்துக் காட்டியிருந்தால், "எனக்கு அது கீதுடா," என்று சொல்லியிருப்பாயா? சொல்வதற்கு உனக்கு ஒரு வழி வேண்டியிருந்ததா? நானோ ஸ்டீம் ரூம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிஷம். நான் வெளியே நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி ஆடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நீ வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாய். மாலை வெயிலில் நிற்க வைத்து, அவர்கள் கொடுத்த வெள்ளை அங்கியோடு ஒரு படம் எடுத்தேன். சிரி என்றேன். சிரித்தாய். "எப்டிண்ணா இருந்துது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நல்லா செஞ்சிக்கீறடா," என்றாய். இயந்திரத்தைத்தான் பாராட்டினாய். நீ எப்படி இருந்தாய் என்று சொல்லவில்லை. நானும் கேட்டது இயந்திரத்தைப் பற்றித்தான்.

திரும்பி வந்த நாலாம் மாதம், காலையில் சைக்கிளைப் பிடித்தபடியே வாசலில் சரிந்தாய்.

மாலை போட நல்ல படம் வேறு இல்லை. தீவில் எடுத்ததைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்தேன். "அங்கிய அழிச்சிட்டு சட்டைக் காலர் வரைஞ்சிடறேன் சார்," என்றார் கடைக்காரர். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "உதட்டுக்கு லேசா செவப்பு ஏத்திடட்டுமா? நீலமா கீது." வெளிச்சக் கோளாறு என்றேன். பின்னால் இருந்த வெள்ளைச் சுவருக்கு அவர் வானத்தின் நீலத்தைப் பூசினார். வருகிறவர்களிடம் எல்லாம் அண்ணி அந்தப் படத்தைக் காட்டுவாள். "கடல் காத்து பட்டு எப்டி சிரிக்கிறாரு பாருங்க. இவன்தான் இட்டுகினு போனான். மூணு நாள் ராஜா மாதிரி இருந்தாரு." எட்டு மாதமாக நான் அதை மறுத்துப் பேசவில்லை.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம், அண்ணிக்குத் தெரியவே வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்தும் விட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள். "ஸ்டோர்ல குந்திக்கினு நட்டு எண்ணச் சொல்றான், எங்கப்பா நின்ன எடத்த வுட்டு எப்டிப் போவேன்னாரு. தீவுக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வந்து சீட்டக் குடுக்கறேன்னாரு. வந்தப்புறம் அடுத்த மாசம்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் சொன்னேன். 'அவன் கத்துவான்டி'ன்னு சிரிச்சாரு."

குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

"அங்கயாவது ரெஸ்ட் எடுத்தாரு இல்ல? அது போதும்," என்றாள்.

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மைதான் வாயில் வந்தது. "இல்ல அண்ணி. நான் ஸ்டீம் ரூம்ல உக்கார வெச்சேன். வேணாம்னாரு, குத்திப் பேசி உள்ள அனுப்பினேன். அந்தப் போட்டோ வெளிய வந்ததும் எடுத்தது. கடல் காத்து இல்ல."

அண்ணி அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்து படத்தின் முன்னால் நின்றாள். வரைந்த காலர், பூசிய வானம், சிவப்பு ஏற்றிய உதடு. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவரு ஒண்ணுமே சொல்லலியா?"

"பலகையில இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

சொன்னேன், அண்ணா. உன்னிடம் சொன்ன அதே வார்த்தையை அவளிடமும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சீட்டை என் கையிலிருந்து எடுத்து, முந்தானையில் எண்ணெயை ஒற்றி, படத்துக்குப் பின்னால் செருகினாள். "பாஸைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை. பேசுவாளா என்று தெரியாது.

ஒரு டாக்டரிடம் கேட்டேன். பத்து நிமிஷ நீராவி நாலு மாதம் கழித்து ஆளைக் கொல்லாது, அந்த உலைதான் காரணம் என்றார். நானும் படித்தவன், எனக்கும் அது புரிகிறது. ஆனால் நான் அவரிடம் கேட்க நினைத்த கேள்வி அதுவல்ல. நீ என்னிடம் ஒன்று சொல்ல வந்து, நான் கத்துவேன் என்று திரும்பிப் போனாய். அதற்கு எந்த டாக்டரிடம் கேட்பது?

நேற்று பூந்தமல்லி பக்கம் ஒரு புது ஓட்டலில் வேலை. எல்லாம் முடித்துக் கடைசியாகப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன். குழாயோடு போய்க்கொண்டிருந்த தோட்டக்காரர் நின்றார். வயதானவர். "இன்னா சார் எழுதிக்கீது?" என்றார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். முதல் வரியிலிருந்து தமிழில் படித்துச் சொன்னேன். பாதியிலேயே அவர் சிரித்தார்.

"எனக்கு எதுக்கு சார்? என்னிய யாரு உள்ள வுடப் போறான்?"

"கேளுங்க," என்றேன். முழுக்கப் படித்தேன். முடித்த பிறகும் முடுக்காமல் நின்றேன், அவர் ஏதாவது சொல்ல வருகிறாரா என்று. குழாயைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் போனார். அவர் வளைவு திரும்பும் வரை பார்த்துவிட்டு, நாலாவது ஸ்க்ரூவைத் தேடினேன். என் கைக்குள்ளேயே இருந்தது.