நீலச் சட்டை டிரம்மர்

அன்பு மகளுக்கு,

இருவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இம்முறை அதைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டது.

உங்கள் கம்பெனி அடுத்து செய்யப்போகும் ராக் இசைக்கலைஞர் பொம்மைகளில் யார் யார் இருக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அந்த இசையில் எது பாட்டு, எது மைக் சரிபார்ப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆகையால் பிழை இருந்தால் என்னுடையது.

அவளுடைய முதல் விருப்பம், மேடையில் எப்போதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே பேஸ் கிட்டார் வாசித்த அந்த அம்மாள். முகத்துக்கு மெனக்கெட வேண்டாமாம். “ஆயுசு பூரா அவ முதுகைத்தானே பார்த்தேன். முகத்தை வெச்சா யாரோன்னு நினைப்பேன்” என்கிறாள். தோளில் வார் அழுந்திய பள்ளம் மட்டும் சரியாக வர வேண்டும்.

அடுத்தது, கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறவர். அவருக்குப் பெயர் உண்டா என்று கேட்டேன். பெயர் இருந்திருந்தால் எப்போதோ பொம்மையாகியிருப்பார் என்றாள். அவரை யார் வாங்குவார்கள் என்றேன். “உங்களை நான் கட்டிக்கலையா?” என்று பதில் வந்தது.

மூன்றாவது என் யோசனை. நீ படித்துச் செய்கிற தொழிலில் நான் தலையிடலாமா என்று தெரியவில்லை. ஒரே உடம்பு அச்சில் வார்த்து, சட்டைக்கு மட்டும் வேறு வேறு வண்ணம் பூசுகிறீர்கள். சிக்கனம்தான். ஆனால் தொட்டாலே ஆள் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்கு மடித்த கை, அவ்வளவு போதும்.

காரணம் இது. வாரா வாரம் நீ முன்பு அனுப்பிய அலமாரிப் பொம்மைகளைத் துடைத்து வைப்பது என் வேலை. போன முறை நீலச் சட்டை டிரம்மரையும் சிவப்புச் சட்டைப் பாடகரையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். குச்சியும் மைக்கும் எப்போதோ உடைந்து போனவை. அடுத்த வீட்டுத் தையற்காரம்மா வந்திருந்தபோது அம்மா கையை நீட்டிப் பாடகரை எடுத்து, இந்த நீலச் சட்டைக்காரர் அடித்தால் நாற்காலியே ஆடும் என்று வெகுநேரம் விவரித்தாள். அந்தம்மா சிரித்துவிட்டார். “என்னக்கா, செக்கச்செவேல்னு இருக்காரு, நீலங்கிறீங்க?” “கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாரு போல” என்று அம்மா சமாளித்தாள்.

அந்தம்மா போன பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. பொம்மைகளை அதனதன் இடத்தில் வைத்தேன். மறுநாள் கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். மறுக்காமல் வந்தாள்.

இரண்டு கண்ணிலும் நடுப் பார்வை போய்விட்டது, திரும்பாது என்றார். இடது கண்ணின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது எத்தனை காலம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் வீட்டில் நடமாடியிருக்கிறாள்.

உனக்கு எழுதக் கூடாது என்றாள். “அவ வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா. நீங்க வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க.” நான் தலையாட்டினேன். அவள் அதைப் பார்த்திருக்க மாட்டாள் என்று பிறகுதான் தோன்றியது. அது வாக்குக் கொடுத்ததாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

புதுப் பொம்மைகள் கடைக்குப் போன பிறகு, அடுத்த வருஷம் வருவதாக எழுதியிருந்தாய். உன் பொறுப்பு எனக்குப் புரிகிறது. வற்புறுத்தவில்லை. முடிந்தால் முன்னதாக வா. வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேருகிற வண்டியாகப் பார். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொள்ளாதே. ஜன்னல் பக்கமாக, அவளுக்கு இடப்புறம் கொஞ்சம் தள்ளிப் பேசாமல் நில். அவள் தலையைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று நினைக்காதே, அப்படித்தான் இப்போது பார்க்கிறாள். அவள் போதும் என்கிற வரைக்கும் அசையாமல் நில்லம்மா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா